ஒரு நாட்டுக்கு ஒரு மருதன்

முன்னொரு காலத்தில், பெரியவர்களின் பெயரை வாய்விட்டுச் சொல்லாத ஒரு தேசம் இருந்தது. மனைவி கணவன் பெயரைச் சொல்ல மாட்டாள். மருமகள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டாள். அரண்மனையிலோ கேட்கவே வேண்டாம். பெரிய ராஜா, நடு ராஜா, சின்ன ராஜா என்றுதான் பேச்சு. ஆனாலும் தாத்தாவின் பெயரைப் பேரனுக்கு வைப்பது அங்கே மாறாத வழக்கம். வைத்த கையோடு அந்தப் பேரனையும் "ஐயா", "பெரியவன்" என்று கூப்பிடத் தொடங்கிவிடுவார்கள். கூப்பிடாத பெயரை எதற்காக வைத்தார்கள் என்று நீங்கள் கேட்பீர்கள். சொல்கிறேன்.

அந்தத் தேசத்து ராஜாவின் பெயர் மருதன். பட்டத்துக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்தது. எல்லையில் சண்டை இல்லை, களஞ்சியத்தில் குறை இல்லை. ராஜாக்களுக்குக் கவலை இல்லாமல் போனால் குடிகளுக்குக் கவலை வந்து சேரும். ஒரு நாள் காலையில் அவருக்கு ஓர் ஆசை முளைத்தது. புலவர்களை அழைத்தார்.

"நம் பெயரைக் கொண்டவர்களில் புகழ் பெற்றவர்கள் இந்த நாட்டில் இதுவரை எத்தனை பேர்? கல்லிலும் ஏட்டிலும் தேடுங்கள். நம் பிறந்த நட்சத்திரத்தன்று சபையில் படிக்க வேண்டும்" என்றார். படித்து முடித்ததும் எல்லோரிலும் தாமே பெரியவர் என்று சபை சொல்லும் என்பது அவருடைய எண்ணம். அதை அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

புலவர்கள் மூன்று மாதம் ஊர் ஊராக அலைந்தார்கள். பதினொரு பேர் கிடைத்தார்கள்.

நட்சத்திர நாளில் சபை கூடியது. ஏரி வெட்டிய மருதன் என்று தொடங்கியது முதல் ஓலை. அவன் ஒரு கூலிக்காரன். ஒற்றை மண்வெட்டியோடு தனியாளாகத் தோண்ட ஆரம்பித்தானாம். பைத்தியம் என்று சிரித்த ஊர் பத்தாம் வருஷம் அவனோடு சேர்ந்துகொண்டதாம். அடுத்து, கண் கொடுத்த மருதன் என்ற வைத்தியர். வெள்ளத்தில் முந்நூறு பேரை அக்கரை சேர்த்த ஓடக்கார மருதன். தோற்ற போரில் கொடியைக் கீழே விடாத மருதன். உப்பு மண்ணில் விளையும் நெல்லைத் தேடிக் கண்டுபிடித்த ஒரு மருதன். அந்த நெல்லின் சோற்றைத்தான் சபையில் பாதிப் பேர் அன்றைக்கும் சாப்பிட்டுவிட்டு வந்திருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் சபை "ஆகா" என்றது. ராஜாவும் முதலில் ஆகா என்றார். ஐந்தாவது மருதனோடு நிறுத்திக்கொண்டார்.

பதினோராவது ஓலையை எடுத்தபோது புலவரின் குரல் தயங்கியது.

"மதகு காத்த மருதன். வயது இருபது. நான்கு வருஷத்துக்கு முன், ஐப்பசி மழையில் பெரிய ஏரி உடைய இருந்தபோது, அடைத்துக்கொண்ட மதகைத் திறக்க நீருக்குள் இறங்கினான். மதகு திறந்தது. அவன் மேலே வரவில்லை."

சபை முழுவதும் ஒருவர் பக்கம் திரும்பியது. அரசரைச் சிரிக்க வைப்பதையே தொழிலாகக் கொண்ட விகடகவி காளத்தி, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மதகு காத்த மருதன் அவருடைய ஒரே மகன். ஏரிக்கரையில் ஊரார் அவனுக்கு ஒரு நடுகல் நட்டிருந்தார்கள்.

ராஜா தொண்டையைச் செருமினார். "இனி நம் பெயரை எழுதுங்கள். முதல் ஓலையில்."

"உத்தரவு, பிரபு" என்று எழுத்தாணியை எடுத்த புலவர், ஒரு நொடி யோசித்துவிட்டு, "பெயருக்கு முன்னால் என்ன எழுதலாம்?" என்று கேட்டார். பாவம், அவர் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. ஏரி வெட்டிய, கண் கொடுத்த என்பதுபோல ராஜாவுக்கும் ஒன்று வேண்டும் அல்லவா? சபை யோசித்தது. யோசித்துக்கொண்டே இருந்தது. ராஜாவின் பார்வை காளத்தியிடம் போனது. இந்த மாதிரி இக்கட்டில் ஒரு சிரிப்பு மூட்டி அரசரின் மானத்தைக் காப்பாற்றுவது காளத்தியின் வேலை. அன்று அவருக்கு ஒன்றும் வரவில்லை. மனசு மதகடியில் கிடந்தது.

இதற்காகவே காத்திருந்தவர்போல எழுந்தார் பிரதானி சேதுராயர். ராஜா தம்முடைய யோசனைகளைக் கேட்டுக் கொட்டாவி விடுகிறார், காளத்தியின் விகடத்தைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிக்கிறார் என்பது அவருக்குப் பல வருஷத்து வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, குறை தங்களிடத்தில் இல்லை. பெயரில்தான் நெரிசல். வானத்துக்குச் சூரியன் ஒன்று; நாட்டுக்கும் மருதர் ஒருவரே இருக்க வேண்டும். மற்றவர்களின் பெயரைக் கல்லிலிருந்தும் ஏட்டிலிருந்தும் அழித்துவிடலாம். உயிரோடு இருக்கிற மருதன்கள் வேறு பெயர் வைத்துக்கொள்ளட்டும்."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். ஆனால் மனம் நொந்திருக்கிற நேரத்தில் கூடம் கோணல் என்று யாராவது சொன்னால் எவ்வளவு இதமாக இருக்கிறது. ராஜா தலையசைத்தார்.

"இந்தப் பணியை விகடகவியிடமே ஒப்படைக்கலாம்" என்று சேதுராயர் தொடர்ந்தார். "அவருடைய அரச பக்தியை நாடறியும். ஆடி அமாவாசைக்குள் முடியாவிட்டால் உத்தரவை மீறியதாகும். அதற்கு என்ன தண்டனை என்பதையும் நாடறியும்."

மறுத்தால் தலை போகும். செய்தால் மகனின் பெயரைத் தகப்பனே உளி வைத்துச் செதுக்கி எடுக்க வேண்டும். காளத்தி மெதுவாக எழுந்து வணங்கினார்.

"தலைமேற்கொள்கிறேன். ஒரே ஒரு சந்தேகம். அழிக்க வேண்டியது எதுவரைக்கும், பிரதானியாரே? இன்று இருப்பவர்கள் மட்டுமா?"

"நேற்றும் இன்றும் நாளையும் இந்த நாட்டில் ஒரே மருதர்."

"யாருக்காவது விலக்கு உண்டா?"

"ஒருவருக்கும் கிடையாது." சேதுராயர் உதட்டோரம் சிரித்தார். "மகனுக்காகக் கேட்கிறீரோ?"

"உத்தரவில் ஓட்டை இருக்கக் கூடாது என்பதற்காகக் கேட்டேன். தாங்கள் சொன்னதை அப்படியே எழுதி முத்திரை இட்டுக் கொடுங்கள். எந்த அரச காரியமும் அரண்மனையில் தொடங்கிக் கடைசிக் குடிசையில் முடிய வேண்டும் என்பது நம் வழக்கம். இதையும் வழக்கப்படி செய்யலாமா?"

"வழக்கப்படியே செய்யும்" என்றார் ராஜா, காளத்தியின் முகத்தைப் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்தபோது மனைவி உலகம்மை அடுப்பை மூட்டாமல் உட்கார்ந்திருந்தாள். சேதி அவருக்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது.

"நீங்களே போய் உளி வைக்கப்போறீங்களா?" என்று கேட்டாள்.

காளத்தி மேல்துண்டை உதறிக் கொடியில் போட்டார்.

"அவன் பேரை நான் ஒரு நாளும் வாய் நிறையக் கூப்பிட்டதில்ல. மாமா பேராச்சேன்னு 'பெரியவனே, பெரியவனே'ன்னே வளத்தேன். தூக்கிட்டுப் போற அன்னிக்குத்தான் பேரைச் சொல்லி அழுதேன். இப்போ கல்லுல மட்டும்தான் இருக்கு. தெனமும் போய்த் தொட்டுப் பாத்துட்டு வரேன். அதையும் எடுத்துட்டா நான் எதைத் தொடுறது, சொல்லுங்க."

"எடுக்க மாட்டேன்."

"எடுக்கலேன்னா உங்களையும் கொண்டுபோயிடுவாங்க."

"கொண்டுபோனால் பார்த்துக்கொள்ளலாம். அடுப்பை மூட்டு" என்றார் காளத்தி. ஊரையே சிரிக்க வைக்கிற மனிதருக்கு வீட்டில் அதற்குமேல் பேச வரவில்லை.

நாட்கள் போயின. உயிரோடு இருந்த மருதன்கள் பெயரை மாற்றிக்கொண்டார்கள். வேறு வழி? வெற்றிலைக்கடை மருதன் மாடசாமி ஆனான். "எம் பொண்டாட்டிக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்க. அவ அந்தப் பேரையும் சொன்னதில்ல, இந்தப் பேரையும் சொல்லப்போறதில்ல" என்று காளத்தியிடம் சொல்லிச் சிரித்தான். கொஞ்சம் பொறுத்து, "எங்க தாத்தாதான் பாவம்" என்றான். அப்போது அவன் சிரிக்கவில்லை.

கல்லில் மட்டும் உளி படவே இல்லை. சேதுராயர் ஆளனுப்பிக் கேட்கும்போதெல்லாம், "முறைப்படி நடக்கிறது. அரண்மனையில் தொடங்க நாள் குறித்திருக்கிறேன்" என்றே பதில் வந்தது. அரண்மனையில் ஏது இன்னொரு மருதன் என்று சேதுராயர் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. கெடுவான் கேடு நினைப்பான். நினைக்கிற அவசரத்தில் வேறு எதுவும் நினைவுக்கு வராது.

ஆடி அமாவாசை வந்தது. ஆற்றில் புதுவெள்ளம். காலை வெயில் ஏறுமுன்பே முன்னோருக்கு எள்ளும் தண்ணீரும் விட ஊரே படித்துறைக்கு வந்துவிட்டது. மேல்படியில் ராஜா தர்ப்பை மோதிரம் அணிந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் புரோகிதர். சற்றுத் தள்ளிச் சேதுராயர், இரண்டு காவலர்களோடு.

காளத்தி வந்தார். கூடவே ஒரு கல்தச்சன், கையில் உளியும் சுத்தியலுமாக.

"கெடு இன்றோடு முடிகிறது, பிரபு. ஒரு கல்லில்கூட உளி படவில்லை" என்றார் சேதுராயர்.

"இன்றுதான் தொடங்குகிறேன்" என்றார் காளத்தி.

தர்ப்பணத்துக்கு நடுவில் பேச்சு எதற்கு என்று ராஜா கையமர்த்தினார். புரோகிதர் தகப்பனாரின் பெயரைச் சொல்லச் சொன்னார். "திருவுடையான்" என்று ராஜா மூன்று முறை சொல்லி நீர் வார்த்தார். "பாட்டனாரின் பெயர்" என்றார் புரோகிதர். ராஜா வாயைத் திறந்தார்.

"பொறுத்தருள வேண்டும்" என்று காளத்தி குறுக்கே வந்து மண்டியிட்டார். "அரண்மனையில் தொடங்கச் சொல்லி உத்தரவு. அரண்மனையில் இன்னொரு மருதர் இருக்கிறார். நாற்பது வருஷம் ஆண்டும் 'பெரிய ராஜா' என்றே அழைக்கப்பட்டதால் புலவர்களுக்கு அவர் அகப்படவில்லை. அவர் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை, எந்த ஏட்டிலும் இல்லை. வருஷத்தில் ஒரு நாள், இந்தப் படியில், தங்கள் நாவில் மட்டும் இருக்கிறது. அங்கிருந்து அழிக்க வந்திருக்கிறேன்."

சேதுராயரின் முகம் வெளுத்தது. "அது... அது வேறு."

"விலக்கு ஒருவருக்கும் கிடையாது என்று முத்திரை இட்டுத் தந்தவர் தாங்கள்தானே, பிரதானியாரே?" காளத்தி ஓலையை விரித்தார். "இதன்படி மருதர் ஒருவரே. அவர் நம் முன்னால் நலமாக இருக்கிறார், நூறாண்டு இருக்கட்டும். உயிரோடு இருப்பவர் பெயருக்கு எள் இறைக்கலாமா என்று புரோகிதரைக் கேளுங்கள்."

புரோகிதர் அவசரமாக எள் தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார்.

ராஜாவின் உள்ளங்கையில் இருந்த நீர் விரலிடுக்கில் கசிந்துகொண்டிருந்தது. இதே ஆற்றில் அவரைத் தோளில் வைத்து நீச்சல் பழக்கியவர் அந்தப் பாட்டனார்.

"பெயர் சொல்லாமல் விட்டால் என்ன?" என்று ராஜா மெல்லக் கேட்டார்.

"பெயர் சொல்லாத தண்ணீர் யாருக்கும் போய்ச் சேராது, மகாராஜா" என்றார் புரோகிதர். அந்தத் தேசத்தில் கூப்பிடாத பெயர்களை ஏன் வைத்தார்கள் என்று இப்போது உங்களுக்கும் தெரிந்திருக்கும். உயிரோடு இருக்கும்போது கூப்பிட ஆயிரம் உறவு உண்டு. போன பிறகு பெயர் ஒன்றுதான் உண்டு.

ராஜா அப்போதுதான் கீழ்ப்படிகளைப் பார்த்தார். இடுப்பளவு நீரில் வரிசை வரிசையாக ஆண்கள் கையில் தண்ணீரை ஏந்தியபடி, வாய் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

"அவர்கள் ஏன் சும்மா நிற்கிறார்கள்?"

"பல வீட்டில் ஒரு மருதர் இருக்கிறார், பிரபு. தங்கள் உத்தரவை மீற யாருக்கும் துணிவில்லை."

"உம் வீட்டில்?"

"இரண்டு பேர்" என்றார் காளத்தி. "என் தகப்பனாரும் என் மகனும். காலையிலிருந்து காத்திருக்கிறார்கள்."

ராஜா மறுபடியும் கீழ்ப்படிகளைப் பார்த்தார். பிறகு, "நாளை எனக்கு ஒரு பேரன் பிறந்தால்..." என்று தொடங்கினார்.

"உத்தரவில் நாளையும் சேர்ந்திருக்கிறது, பிரபு. அவருக்குத் தங்கள் பெயரை வைக்க முடியாது. தங்கள் பெயரை இங்கே வந்து சொல்லவும் அவருக்கு வழியில்லை."

காளத்தியின் கையிலிருந்து ராஜா ஓலையை வாங்கினார். ஒரு முறை படித்தார். ஆற்றில் விட்டார். வெள்ளம் அதைச் சுழற்றி இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தபடியே அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மெல்ல, பிறகு தோள் குலுங்க. கண்ணில் நீர் வழிந்தது. அதைத் துடைக்கவும் இல்லை.

"எனக்கே என் கையால் எள் இறைக்க இருந்தேனே, காளத்தியாரே. நல்லவேளை, சேதுராயரைப்போல ஒருவர் இருக்கிற சபையில் உம்மைப்போல ஒருவரும் எனக்குக் கிடைத்தீரே." வலக்கையில் இருந்த கடகத்தைக் கழற்றிக் காளத்தியின் கையில் மாட்டினார். "பிரதானியாரே, அந்தப் பதினொரு பேரின் கல்லுக்கும் ஏட்டுக்கும் நீர் கால்நடையாகப் போய், ஒவ்வொரு பெயரையும் உரக்கப் படித்துவிட்டு வர வேண்டும். பல்லக்கு கிடையாது."

பிறகு எழுந்து நின்று, கீழ்ப்படிகளைப் பார்த்து, "சொல்லுங்கள்" என்றார்.

படித்துறை முழுவதும் ஒரே பெயரைச் சொன்னது. ஒவ்வொரு வாயிலும் அது வேறு ஒரு மனிதர். ராஜாவும் தம் பாட்டனாரைச் சொல்லி மூன்று முறை நீர் வார்த்தார்.

காளத்தி எல்லோருக்கும் கடைசியில் இறங்கினார். தகப்பனாருக்கு முதலில் விட்டார். குரல் சரியாகவே இருந்தது. மகன் கையால் தமக்கு வந்திருக்க வேண்டிய தண்ணீரை மகனுக்காக அள்ளினார். முதல் எழுத்து வந்தது. அதற்குமேல் வரவில்லை. நீர் ஒழுகிக்கொண்டிருக்க, மீதிப் பெயரை மேல்படியிலிருந்து ராஜா சொல்லி முடித்தார்.