செங்குளத்தார் வாள்

"அம்மா, தாத்தா கையில் பளபளத்த வாள் என் கையில் ஏன் துருப்பிடிக்கிறது?"

செங்குளத்துப் பாளையக்காரர் திருமலைக்கொழுந்து வாளை உறையோடு நீட்டிக் கேட்டபோது, குரு அவயாம்பாள் மடத்து அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

விஜயதசமியன்று அம்மன் சன்னதியில் அந்த வாளை உயர்த்திக் காட்டுபவரைத்தான் செங்குளம் தலைவராக ஏற்கும். போன வருஷம் கொழுந்து உயர்த்தியபோது வாள் முழுக்கச் செம்புள்ளிகள். கூட்டம் முணுமுணுத்தது. "வாளும் துரு, ஆளும் துரு" என்று பங்காளி வெற்றிவேலன் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இந்த வருஷமும் அப்படி ஆனால் பாளையம் அவன் கைக்குப் போய்விடும்.

"தேய்த்தாயா?"

"ஆள் வைத்துத் தேய்த்தேன். ஒரு வாரத்தில் மறுபடி துரு. எனக்குத்தான் தகுதி இல்லையோ அம்மா?"

"இந்த உறை?"

"அதுவும் தாத்தாவுடையதுதான். புலித்தோல், தங்கச் சரிகை. வாளைவிட இதைத்தான் எல்லோரும் தொட்டுக் கும்பிடுவார்கள்."

குரு செங்கல் பொடியையும் எண்ணெயையும் அவர் முன்னால் நகர்த்தினார். "நீயே தேய்."

தேய்த்தார். விரல்கள் கன்றிச் சிவந்தன. துருவுக்கு அடியிலிருந்து முதலில் ஒரு வெள்ளைக் கீற்று வந்தது. பொழுது சாய்வதற்குள் அவர் முகமே அதில் தெரிந்தது. ஆசையோடு உறையை எடுக்கத் திரும்பினார்.

உறைக்குள் குரு தன் காய்கறிக் கத்தியைச் செருகியிருந்தார். வாளை வாங்கி, எண்ணெய் தடவி, அடுக்களைச் சுவரில் மாட்டினார்.

"என்ன அம்மா இது?"

"ஒரு வாரம் இங்கேயே சாப்பிடு."

ஒரு வாரம் கழித்துக் குரு கத்தியை உருவினார். தினமும் கீரை நறுக்கிப் பளிச்சென்றிருந்த கத்தி செக்கச்செவேல் என்று வந்தது. உறையின் வாயில், வருஷக்கணக்கில் ஈரம் கோத்துப்போன பழந்தோலின் வாடை. சுவரிலிருந்த வாள் மின்னியது.

கொழுந்து கத்தியைப் பார்த்தார், வாளைப் பார்த்தார். சட்டென்று வாய்விட்டுச் சிரித்தார்.

"அப்போ என் கையில் குறையில்லையா?"

"கொப்புளம் இருக்கிறது."

விஜயதசமியன்று கோட்டையிலிருந்து வெறும் வாளோடு நடந்து வந்தார். "உறை இல்லாமலா? முறை கெட்டுப்போச்சு!" என்று வெற்றிவேலன் கத்தினான். சன்னதியில் கொழுந்து வாளை உயர்த்தினார். உச்சி வெயில் அதில் பட்டுத் தெறித்துக் கோபுரத்தில் ஓடியது. முரசு அதிர்ந்தது. ஊரே ஆர்ப்பரித்தது. முதல் குலவை வெற்றிவேலன் வீட்டுப் பெண்களிடமிருந்துதான் எழுந்தது.

மறுநாள் பழத்தட்டோடு மடத்துக்கு வந்தார்.

"அம்மா, அந்த உறையை என்ன செய்வது? தாத்தாவுடையது. தூக்கி எறிய மனசு வரவில்லை."

"எதற்கு எறிய வேண்டும்? அழகாகத்தானே இருக்கிறது. பூப்போட்டுக் கும்பிடு" என்றார் குரு. "வாளை மட்டும் அதற்குள் வைக்காதே."