பவளாயி வாயை மூடிய நாள்

அந்தக் காலத்தில் எறும்புக்குத்தான் ஊரிலேயே பெரிய குரல். யானை அவ்வளவு அகலமாகக் காது வளர்த்துக்கொண்டதே அதைப் பொத்திக்கொள்ளத்தான். நம்பாதவர்கள் யானையிடமே போய்க் கேட்கலாம்.

ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் பிராணிகள் கட்டிய பட்டணம் ஒன்று இருந்தது. வெள்ளம் வந்தால் சனங்களை மேட்டுக்கு ஏற்றும் பொறுப்பைப் பவளாயி என்ற எறும்பிடம் கொடுத்திருந்தார்கள். வருஷா வருஷம் புரட்டாசியில் ஒத்திகை. பவளாயி கத்துவாள், எல்லாரும் மேடேற வேண்டும். வெறுமனே கூப்பிட்டால் ஒருத்தரும் அசையவில்லை. சரி, ஏறியவர்களுக்கு ஆளுக்கொரு தொன்னை சுண்டல் என்று அவளே ஆரம்பித்துவைத்தாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

ஒரு ஐப்பசியில் மலைப்பக்கம் கறுத்தது. நிஜ வெள்ளம். பவளாயியின் வீடோ கரையோரப் பள்ளத்தில். உள்ளே பொரியாத முட்டைகள். ஆனாலும் பொறுப்பென்று ஒன்று இருக்கிறதே, முதலில் ஊரைக் கிளப்புவோம் என்று தெருத்தெருவாகக் கத்திக்கொண்டு ஓடினாள்.

ஊரும் ஏறியது, கையில் தொன்னையோடு. மேட்டில் அடுப்பே மூட்டியிருக்கவில்லை. ஊரும் இறங்கிவிட்டது.

"சுண்டல் இல்லாம என்னம்மா ஒத்திகை?" என்றது நண்டு.

"ஒத்திகை இல்லண்ணே, வெள்ளம்."

"போன தடவையும் வெள்ளம்னுதானே கத்தினே?"

"அது ஒத்திகைக்குக் கத்தினது."

"அப்போ மட்டும் சுண்டல் போட்டியே."

பவளாயி ஊர்த்தலைவர் பெருச்சாளியிடம் ஓடினாள். அவர் கொட்டாவி விட்டார். "சனங்க கேக்கறதுல என்ன தப்பு? கடலையா பட்டாணியான்னு நீ சொல்லிட்டா பேசாம ஏறிடப் போறாங்க."

"தலைவரே, தண்ணி உங்க வாசல்ல நிக்குது."

"அது காலையில வீட்டுல கழுவிவிட்டது."

பவளாயி திரும்பிப் பார்த்தாள். அவள் வீட்டு வாசலைத் தண்ணீர் நக்கிக்கொண்டிருந்தது. பின்னாலேயே வந்த நண்டு, "தேங்காய் போடுவியா, அதையாவது சொல்லு" என்றது.

பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அப்படியே வீட்டுக்கு ஓடிப்போய், திறந்த அந்த வாயாலேயே ஒரு முட்டையைக் கவ்விக்கொண்டு மேட்டைப் பார்த்து நடந்தாள். அவளைப் பார்த்து அவள் சொந்தக்காரிகளும் ஆளுக்கொன்றாய்க் கவ்விக்கொண்டு வரிசையாகப் பின்தொடர்ந்தார்கள். ஒரு சத்தம் இல்லை.

ஊருக்குத் திக்கென்றது.

"பவளாயி ஏன் கத்தலை?"

"கேட்டாப் பதிலே சொல்லமாட்டேங்குறா."

"அப்போ விஷயம் பெரிசுதான்" என்ற பெருச்சாளி, எல்லாருக்கும் முன்னால் ஓடினார். ஊரே அவர் பின்னால் ஓடியது.

கடைசி நத்தை மேடேறவும், ஆறு பட்டணத்தின் மேல் புரளவும் சரியாக இருந்தது. ஓர் உயிர் போகவில்லை. முட்டை ஒன்றுகூட நனையவில்லை. பவளாயி வாயிலிருந்ததை மெல்லக் கீழே வைத்துவிட்டு அப்போதுதான் மூச்சு விட்டாள். நண்டு பக்கவாட்டில் நகர்ந்து நகர்ந்து அவளிடம் வந்தது.

"இவ்வளவு பெரிய வெள்ளம்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா, பவளாயி?"

பவளாயி அதை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு முட்டையை மறுபடியும் வாயில் கவ்விக்கொண்டாள்.

அன்று முதல்தான் எறும்பினம் யாரிடமும் பேசுவதில்லை. மழைக்கு முன்னால் முட்டையைக் கவ்விக்கொண்டு வரிசையாய் மேடேறுகிறது. எதிரே வருகிறவர் விவரம் கேட்டால், தலையால் ஒரு முட்டு முட்டிவிட்டுத் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறது.