இடது சக்கரமும் இருபத்தெட்டு வெற்றிலையும்

முன்னொரு காலத்தில் கரும்பனூர் நாட்டைக் கோளரி என்றொரு மன்னன் ஆண்டு வந்தான். அன்று அரண்மனை முற்றத்தில் கூடிய சபையில் இருந்தவர்கள்: மன்னன், மந்திரி இளங்கண்ணனார், ஆயுதசாலைத் தலைவர் அடைக்கலங்காத்தார், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் காளத்தி, மருத்துவச்சி சிலம்பாயி, கவரி வீசுவோர் இருவர், குடை பிடிப்பவன், நாழிகை வட்டில் பார்ப்பவன், வெற்றிலைத் தட்டு ஏந்துபவன், காவலர் நால்வர். ஆகப் பதினான்கு பேர்.

வழக்கு முடிந்ததும் ஆளுக்கு இரண்டு வெற்றிலை கொடுப்பது அந்தச் சபையின் மரபு. தட்டில் இருபத்தெட்டு இருந்தன. அடைக்கலங்காத்தார் கண்ணாலேயே எண்ணிவிட்டார். யாருடைய சொல் வென்றதோ அவருக்கு மன்னன் தன் கையாலேயே முதல் வெற்றிலை தருவான். பத்தொன்பது வருஷ ஊழியத்தில் ஒருநாளும் அது அவருக்குக் கிடைத்ததில்லை. நேற்று வந்தவர் போல வந்த இளங்கண்ணனாரோ ஏழு வருஷத்தில் அறுபத்தொரு முறை வாங்கிவிட்டார். ஒவ்வொரு முறையும் அடைக்கலங்காத்தாருக்கு வயிறு எரிந்தது.

முற்றத்து ஓரத்தில் காளை பூட்டிய ஒரு கூண்டு வண்டி நின்றது. புதுச் சாயம் வெயிலில் மின்னியது.

சிலம்பாயி கைகூப்பினாள். "சாமி, இந்தக் காளத்திகிட்ட கறவை மாடு ரெண்டைக் கொடுத்து இந்த வண்டியை வாங்கினேன். மூணாம் நாளே இடது சக்கரம் விட்டுப்போச்சு. பிரசவ வலியில ஒருத்தி துடிக்கிறா, நான் நடு வழியில நிக்கிறேன். ஓடியே போய்ச் சேர்ந்தேன். இவர் சரிபண்ணிக் கொடுத்தார். எட்டாம் நாள் மறுபடி அதே சக்கரம். இப்போ இன்னொரு தரம் சாயம் பூசிக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கார். நான் இனி இதுல ஏற மாட்டேன். அடுத்த பௌர்ணமிக்குள்ள அஞ்சு பேருக்குப் பேறுகாலம். என் மாட்டைத் திருப்பித் தரச் சொல்லுங்க, வேற நல்ல வண்டி பார்த்துக்கறேன்."

"பார்த்துத்தானே வாங்கினாய்?" என்றான் காளத்தி. "என் பட்டறை வாசலைத் தாண்டினால் வண்டி உன்னுது, பழுதும் உன்னுது. கல்லிலும் முள்ளிலும் ஓட்டிவிட்டு என்னைக் குறை சொன்னால் எப்படி?"

"வாங்கி மூன்றே நாளில் உடைந்தால் ஓட்டியவளைக் கேட்பதா, விற்றவனைக் கேட்பதா?" என்றார் மந்திரி மெதுவாக.

அவ்வளவுதான். காளத்தி தம் தங்கை கணவன் என்பதைச் சபையில் யாருக்கும் சொல்லாத அடைக்கலங்காத்தார் துள்ளி எழுந்தார். மாப்பிள்ளைக்காக எழுந்ததைவிட மந்திரிக்கு எதிராக எழுந்ததே அதிகம்.

"மன்னா! வண்டி கண்ணெதிரே கல்லுப்போல நிற்கிறது. இல்லாத பழுதை மந்திரி காட்டட்டும் பார்ப்போம். ஆனால் கழற்றக்கூடாது, தட்டக்கூடாது. தட்டினால் எதுதான் உடையாது?"

மன்னனுக்குக் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. இந்தப் பந்தயம் அவனுக்குப் பிடித்துப்போயிற்று. "அப்படியே ஆகட்டும். தண்ணீரில் மிதக்கும் நாழிகை வட்டில் நிறைந்து ஒருமுறை முழுகுவதற்குள் காட்டுங்கள். இல்லையென்றால் இவள் வண்டியை ஓட்டிக்கொண்டு பேசாமல் போக வேண்டும்."

சிலம்பாயியின் முகம் வாடியது. மந்திரி வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். "எனக்கும் இது நல்ல வண்டியாகவே தெரிகிறது. மன்னர் அனுமதித்தால், வெண்கொற்றக் குடையின் கீழ் இதில் அமர்ந்து தாமரைக் குளம் வரை போய்வருகிறேன். நல்ல வண்டியென்று ஊரே அறியட்டும்."

"நல்ல யோசனை! குடையைப் பிடியடா!" என்றான் மன்னன்.

மன்னனின் குடை இளங்கண்ணனார் தலைக்கு மேலா? அடைக்கலங்காத்தாருக்குக் கண் இருண்டது. வண்டிப் படியில் கால் வைக்கப்போன மந்திரியின் அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுத்தார். "வண்டி நல்லதென்று முதலில் சொன்னவன் நான். குடை எனக்கு!"

"தாராளமாக," என்று மந்திரி விலகிக்கொண்டார்.

அப்போது காளத்தி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தான். "மச்சான்! ஏறாதீங்க மச்சான்! இடது சக்கரம் உங்களைத் தாங்காது!"

சபை திகைத்தது. "மச்சானா?" என்றான் மன்னன்.

அடைக்கலங்காத்தார் காதில் வேறு எதுவும் ஏறவில்லை. 'சொந்த மாப்பிள்ளைக்கே என் பெருமை பொறுக்கவில்லையே!' என்று பல்லைக் கடித்தார். "தள்ளுடா மாப்பிள்ளை!" என்று ஏறி இடது பக்கமே சாய்ந்து உட்கார்ந்தார். "ஓட்டுங்கள்!"

காவலன் ஒருவன் கயிற்றைப் பிடித்து நடத்த, காளைகள் வைத்தது ஏழு அடி. எட்டாவது அடியில் இடது சக்கரத்தின் நடுவே ஆரங்களைத் தாங்கும் குடம் பிளந்தது. வண்டி குடை சாய்ந்தது. அடைக்கலங்காத்தார் காலையில் அரண்மனை யானை குளித்த சேற்றில் கிடந்தார். வட்டில் இன்னும் பாதிகூட நிறையவில்லை.

பிளந்த குடத்தை மந்திரி கையில் எடுத்தார். பழைய விரிசல் நெடுக அரக்கும் மரத்தூளும் குழைத்து அடைத்து, மேலே சாயம் பூசியிருந்தது. "வெயில் பட்டால் அரக்கு இளகும். சரிசெய்த பிறகும் இது தாங்காதென்று, ஏறுவதற்கு முன்பே தெரிந்தவன் இதை அடைத்தவன்தான்."

காளத்தி நிலத்தைப் பார்த்தான். "மச்சான் விழுந்துவிடுவாரே என்று..."

"பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்கப் போகிறவள் விழலாமோ?" என்று கேட்ட மன்னன் அங்கேயே தீர்ப்புச் சொன்னான். "மாடு இரண்டும் இன்று பொழுது சாய்வதற்குள் இவள் வீட்டில் நிற்க வேண்டும். வேறு வண்டி கிடைக்கும்வரை இவள் அரண்மனை வண்டியில் போகட்டும். இனி இந்த நாட்டில் பழைய வண்டி விற்பதையே தொழிலாகக் கொண்டவன், விற்ற ஆறு மாதத்துக்கு அதற்குப் பொறுப்பு. அதற்குள் உடைந்தால் பழுது முன்பே இருந்ததென்று கொள்க. இல்லையென்று காட்ட வேண்டியவன் விற்றவன். ஒருமுறை சரிசெய்யலாம். மறுமுறையும் உடைந்தால், வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும்."

பிறகு தட்டு வந்தது. முதல் வெற்றிலை இரண்டையும் மன்னன் சிலம்பாயிக்குக் கொடுத்தான். இளங்கண்ணனாருக்கு இல்லை! சேறு வழிய நின்ற அடைக்கலங்காத்தாருக்கு இடுப்பு வலி சற்றுக் குறைந்தது.

அடுத்த இரண்டு மந்திரிக்குப் போயின. சிலம்பாயி தன் இரண்டில் ஒன்றை எடுத்து, "ஐயா, இது உங்களுக்கு," என்று அவர் கையில் வைத்தாள். மூன்று! இடுப்பு மறுபடி வலித்தது.

மன்னன் எடுத்துக்கொண்டான். கவரிக்காரர், குடைக்காரன், வட்டில்காரன், தட்டுக்காரன், காவலர் நால்வர் என்று எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். காளத்தியை யாரும் கூப்பிடவில்லை.

"எடுத்துக்கொள்ளும், அடைக்கலங்காத்தாரே," என்றான் மன்னன் சிரித்தபடி. "உண்மையை வெளியே கொண்டுவந்தது உம்முடைய பொறாமைதானே."

அவர் கை நீளவில்லை. கண் மட்டும் தட்டை எண்ணிற்று. மிஞ்சியிருந்த வெற்றிலை நான்கு.