ஏழாவது ஓடு

"இன்னொரு ஓடு எடுங்கள்" என்றார் கோமகன் ஷெங்.

ஆசான் போயானுக்கு மூன்றாவது ஓட்டிலேயே பொறுமை போய்விட்டது. காலையிலிருந்து ஆறு ஆமையோடுகளை நெருப்பில் காட்டியாயிற்று. சூட்டில் ஓடு வெடித்து விழுகிற கீறல்தான் முன்னோர் சொல்லும் பதில் என்பது லின் நாட்டு வழக்கம். ஆறு ஓட்டிலும் ஒரே பதில். போருக்குப் போகாதே.

ஷெங் லேசுப்பட்ட ஆளா? தாத்தா ஆண்ட நாடு, அப்பா ஆண்ட நாடு, இப்போது இவருடையது. ஐம்பது வயதிலும் ஆசானிடம் பாடம் கேட்கிறார். கேட்கிறார், அவ்வளவுதான். பக்கத்து நாட்டுக் கோமகன் விருந்தில் இவரை இவர் தகுதிக்குரிய இடத்திலிருந்து ஒரு பாய் தள்ளி உட்காரவைத்துவிட்டானாம். அதற்காக ஒரு படையெடுப்பு. வாசலில் இரண்டாயிரம் உழவர்கள் ஈட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். வயலில் முற்றிய தினை உதிர்ந்துகொண்டிருக்கிறது. இன்னும் மூன்று நாள் போனால் அறுக்க ஒன்றும் மிஞ்சாது. குளிர்காலம் முழுக்கப் பட்டினிதான்.

"ஓடு பழசாக இருக்குமோ, ஆசானே?"

"புதுசுதான்."

"நெருப்பு சரியில்லையோ?"

"நெருப்புக்கு என்ன கேடு?" ஆசான் எரிந்து விழுந்தார். "படை உங்களுடையது. முரசு உங்களுடையது. போக வேண்டுமென்றால் போங்களேன். என் உயிரை ஏன் வாங்குகிறீர்கள்?"

கோமகன் தரையைப் பார்த்தார்.

"தோற்றுவிட்டால்?"

ஆசான் ஏழாவது ஓட்டை எடுத்தார். நெருப்பில் காட்டவில்லை. ஒரு சின்ன உளியோடு சேர்த்துக் கோமகன் மடியில் வைத்தார்.

"இதென்ன?"

"உங்களுக்குப் பிடித்த கீறலை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே, 'போகச் சொன்னது ஷெங்' என்று பெயரையும் வெட்டுங்கள். கோயிலில் உங்கள் தாத்தா குறிகேட்ட ஓடுகளோடு வைத்துவிடுகிறேன்."

கோமகன் உளியை எடுத்து ஓட்டின் மேல் வைத்தார். வெளியே ஒரு உழவன், மழை வந்துவிடுமா என்று பக்கத்தில் நின்றவனைக் கேட்டுக்கொண்டிருந்தான். அது உள்ளே வரைக்கும் கேட்டது. உளி நகரவில்லை.

வெகுநேரம் கழித்து அதைக் கீழே வைத்தார்.

"சரி, ஆட்களை வீட்டுக்கு அனுப்பிவிடலாம்" என்றார். "வாசலில் போய்ச் சொல்லுங்கள். ஆமையோடுதான் போரைத் தடுத்துவிட்டது என்று."

ஆசான் தலையில் அடித்துக்கொண்டார்.

"போர் வேண்டாம் என்பதையாவது நீங்கள் சொன்னதாக இருக்கட்டுமே."