ஆள்காட்டிகளுக்குத் தொங்கு வீடு

இதில் ஓர் எழுத்துப் பொய் இருந்தாலும் என் மீசை இந்த நிமிஷமே உதிர்ந்து விழட்டும்! கருவேலங்காட்டு அரசாங்கம், அடைக்கலம் தேடி வந்தவர்களுக்கு வீடு கட்டிக் கொடுத்த கதை இது. வார்த்தைக்கு வார்த்தை நிஜம்.

வடக்குப் பொட்டலில் நரிகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து அடித்துக்கொண்டன. நடுவில் மாட்டிக்கொண்டவை ஆள்காட்டிக் குருவிகள். பதினேழு குடும்பங்கள், பிடித்துக்கொள்ளக் கையில்லாததால் அலகில் உயிரைப் பிடித்துக்கொண்டு, கருவேலங்காட்டு ஆற்றங்கரையில் வந்து இறங்கின. அதில் ஒருத்தி கூவாயி.

வந்த நான்காம் நாள் அவள் சரளை மேட்டில் நான்கு முட்டை இட்டாள். கூடு கீடு ஒன்றும் கிடையாது. ஆள்காட்டிகளின் வழக்கமே அப்படித்தான். வெறும் தரையில், கூழாங்கற்களுக்கு நடுவே இடும். முட்டையும் கூழாங்கல் நிறம்தான். மேலே வட்டமிடும் பருந்தும், பக்கத்தில் நடக்கும் கீரியும் கல் என்று நினைத்துப் போய்விடும்.

மிதிக்கிற குளம்பு அதையெல்லாம் பார்க்குமா? பள்ளத்துக் குட்டை வற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை முதல் எருமைகள் சரளை மேட்டின் வழியாகத்தான் ஆற்றுக்கு இறங்கும் என்று காடே பேசிக்கொண்டது. நாற்பது எருமை, நூற்றறுபது குளம்பு.

கூவாயி எருமைகளிடமே போய்ச் சொல்லலாம் என்றால் சட்டம் குறுக்கே நின்றது. வந்தவர்கள் உள்ளூர்க்காரர்களிடம் எது கேட்பதானாலும் துறை மூலமாகத்தான் கேட்க வேண்டும். வந்தவர்கள் யாரிடமும் போய்க் கெஞ்சி நிற்கக் கூடாது என்ற நல்ல எண்ணத்தில் போட்ட சட்டம்தான் அது.

துறையின் பெயர் வந்தோர் நலத்துறை. முதலில் 'வந்தேறிகள் துறை' என்று பலகை எழுதினார்களாம். அது மரியாதையாக இல்லை என்று அழித்து எழுதவே ஒரு வருஷம் ஆயிற்றாம். அதிகாரி தொங்கலாண்டி, ஒரு தூக்கணாங்குருவி. கெட்டவர் இல்லை. இளகின மனசு. அதுதான் தொல்லையே.

கூவாயி பனையோலை நறுக்கில் மனு எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் முதல் வரியைத்தான் படித்தார். அதற்குள் கண் கலங்கிவிட்டது.

"தரையிலா? வெறும் தரையிலா முட்டை கிடக்கிறது? பெற்ற பிள்ளையைத் தெருவில் போட்ட மாதிரி இருக்கிறதே, அம்மா!"

"ஐயா, அடுத்த வரியையும் பாருங்கள். எருமைகள்..."

"எருமையை விடு. கிளையில் தொங்கும் கூட்டுக்குள் முட்டை இருந்தால் எருமை என்ன செய்துவிடும்?"

பதில் நியாயமாகத்தான் இருந்தது. எங்கள் காலில் பின்விரல் பேருக்குத்தான் இருக்கிறது, கிளையைப் பிடித்து உட்கார வராது என்று கூவாயி எடுத்துச் சொன்னாள். அதற்கும் அவரிடம் திட்டம் தயாராக இருந்தது. செவ்வாய், வியாழன் இரண்டு நாளும் இலவசக் கிளைப் பயிற்சி!

பயிற்சி நடந்தது. ஆள்காட்டிகள் கிளையில் ஏறி நின்றன. ஏறின வேகத்தில் பழுத்த மாம்பழம் மாதிரிப் பொத் பொத்தென்று விழுந்தன. விழுந்தவர்களுக்கெல்லாம் பங்கேற்புச் சான்றிதழ் கிடைத்தது.

அதற்குள் பதினேழு தொங்கு வீடுகளும் தயார். ஆணையும் வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை திறப்பு விழாவில் எந்தக் குடும்பத்தின் முட்டை கூட்டில் இருக்கிறதோ அந்தக் குடும்பத்துக்குத்தான் தங்கல் சீட்டு. சீட்டு இல்லாதவர்கள் வந்த வழியே பொட்டலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

முட்டையைக் கொடுத்தால் அடைகாக்க மரம் ஏற முடியாது. கொடுக்காவிட்டால் நரி வாய்க்குப் போக வேண்டும். கூவாயியின் வீட்டுக்காரர் நரியே தேவலை என்று ஒரு கல்லோரமாக உட்கார்ந்துவிட்டார்.

வியாழக்கிழமை மாலை தொங்கலாண்டி நான்கு காக்கைகளோடு முட்டைகளை எடுத்துப்போக வந்தார். சரளை மேட்டில் இப்படியும் அப்படியும் நடந்தார். கூவாயியின் முட்டைகளுக்கு நடுவிலேயே நின்றுகொண்டு, "முட்டை எங்கேம்மா?" என்று கேட்டார்.

பிறந்ததிலிருந்து அவர் வெள்ளை முட்டையைத் தவிர வேறு முட்டையைக் கண்டதில்லை. கூவாயி அவர் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பிறகு நான்கு நல்ல கூழாங்கற்களைப் பொறுக்கி வரிசையாக வைத்தாள்.

தூக்கிய காக்கை ஒன்று, "என்ன கனம்!" என்று முனகியது.

"பிள்ளைகள் நல்ல வளர்த்தி" என்றாள் கூவாயி.

மற்ற பதினாறு குடும்பங்களும் அவளைப் பார்த்து அப்படியே செய்தன.

மறுநாள் விழா. முதல்வர் கரடியார் தேனடை மாலையோடு வந்து சரியாக முதல் கூட்டின் கீழே நின்றார். அடைக்கலம் தேடி வந்தவர்களைத் தரையில் விடாத ஒரே காடு நம் காடு என்று அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மேலே நார் அறுந்தது. டொக், டொக், டொக், டொக். நான்கும் முதல்வரின் மண்டையில் விழுந்தன. பின்னாலேயே கூடும் வந்து காதில் மாட்டிக்கொண்டது.

கரடியார் ஒரு கல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார்.

"இது யார் பெற்ற பிள்ளை?"

தொங்கலாண்டி கூவாயியைக் காட்டினார். ஏமாற்றிவிட்டாள், சீட்டைக் கிழித்து இன்றைக்கே பொட்டலுக்கு அனுப்ப வேண்டும் என்றார். கூவாயி முன்னால் வந்தாள். "ஏமாற்றினது உண்மைதான், ஐயா. கல்லுக்குப் பதில் முட்டையைக் கொடுத்திருந்தால் இப்போது உங்கள் தலையில் என் நாலு பிள்ளையும் செத்திருக்கும். என் மனுவைப் படித்திருந்தால் எனக்கு இந்தப் பொய்யே தேவைப்பட்டிருக்காது" என்றாள்.

"மனு எங்கே?"

தொங்கலாண்டி முதல்வரின் காதைக் காட்டினார். கரடியார் காதிலிருந்த கூட்டைக் கழற்றிப் பார்த்தார். பின்னலின் நடுவே ஓலை நறுக்கு!

"ஓலை பின்னுவதற்கு நல்ல வாட்டமாக இருந்தது, ஐயா. வீணாக்க மனசு வரவில்லை" என்றார் அதிகாரி.

கரடியார் படித்தார். 'முப்பது நாள் எருமைகளை வேறு வழியாகப் போகச் சொன்னால் போதும்.' அவ்வளவுதான் மனு. அவர் நிமிர்ந்தபோது ஆற்றுப் பக்கம் புழுதி கிளம்பியிருந்தது. நாற்பதும் புறப்பட்டுவிட்டன!

கூவாயி கத்திக்கொண்டே பறந்தாள். கரடியார் தேனடை மாலை குலுங்க அவள் பின்னால் ஓடினார். சரளை மேட்டில் ஏறி, "எங்கே முட்டை?" என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"ஐயா, தூக்கின காலைக் கீழே வைக்காதீர்கள்!"

வைக்கவில்லை. கருவேலங்காட்டின் முதல்வர் ஒரு காலைத் தூக்கியபடி மூன்று காலில் நின்றார். அடுத்த காலை எங்கே வைப்பது என்றும் தெரியவில்லை. எருமைகள் அந்தக் கோலத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டன. முன்னால் வந்த கிழ எருமை கொம்பையன், "முதல்வருக்கு என்ன வேண்டுதலோ?" என்று பக்கத்து எருமையிடம் கேட்டார்.

கரடியார் நின்றபடியே விஷயத்தைச் சொன்னார்.

"இவ்வளவுதானா?" என்றார் கொம்பையன். "மருத மரத்துப் பக்கம் இதைவிட நல்ல சரிவு இருக்கிறது. கேட்டிருந்தால் மாட்டேன் என்றா சொல்லியிருப்போம்?" சொல்லிவிட்டு, கூவாயியிடம் எத்தனை முட்டை, எப்போது பொரிக்கும் என்று விசாரித்துக்கொண்டே மந்தையைத் திருப்பினார்.

கூவாயி வழிகாட்ட, கரடியார் அடிமேல் அடி வைத்து வெளியே வருவதற்குப் பொழுது சாய்ந்துவிட்டது. வந்தவுடன் செய்த முதல் வேலை, துறை மூலமாகத்தான் பேச வேண்டும் என்ற சட்டத்தைக் கிழித்ததுதான். இரண்டாவது வேலை பதினேழு சீட்டிலும் கையெழுத்து. தொங்கலாண்டியை வேலையைவிட்டு நீக்கவில்லை. மனுவைக் கொடுத்தவரிடமே அதைக் கடைசி வரி வரை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும் என்று மட்டும் உத்தரவு. நான்கு வாரம் கழித்து நான்கு குஞ்சுகளும் ஓட்டை உடைத்துக்கொண்டு வந்தன. வந்த அன்றைக்கே சரளை மேடெங்கும் ஓடித் திரிந்தன.

உதவி செய்ய நினைக்கிறவர்கள், கொடுப்பதற்கு முன்னால் 'உனக்கு என்ன வேண்டும்?' என்று கேட்டு, பதில் முடியும்வரை காது கொடுக்க வேண்டும்.

இந்தக் கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். யார் சொன்னது என்று கேட்டால் மட்டும் என் பெயரைச் சொல்லிவிடாதீர்கள். அந்தத் துறையில் என் மனுவும் ஒன்று கிடக்கிறது.