நேற்றைய வண்டல்

ஏரிக்கரை ஆசிரமத்துக்கு வந்த அன்றைக்கு வேதாசலம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். தனியாக ஓர் அறை. கூடத்தில் பத்துப் பேரோடு பாய் விரித்துப் படுக்க அவரால் ஆகாது. அறுபத்திரண்டு வயதில் மகளைப் பறிகொடுத்துவிட்டு வந்த மனிதர். “பொண்ணு போயிட்டா” என்று சொன்னார், அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. குரு அம்சவேணி அவரைவிட இருபது வயது இளையவர். எதையும் துருவாமல் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார்.

மூன்று மாதம் ஓடிப்போயிற்று. வாய்விட்டு அழுகையும் வரவில்லை, தூக்கமும் வரவில்லை. என்னவோ ஒரு மங்கல் உள்ளேயே நின்றுகொண்டிருந்தது. இனி இங்கே இருந்து என்ன ஆகப்போகிறது என்று பையைக் கட்டிவிட்டார். காலை பத்து மணிக்கு பஸ்.

இருந்தாலும் கையிலிருக்கும் வேலையைப் பாதியில் விட்டுப் போகிற ஆளில்லை அவர். ஏரித் தண்ணீரில் படிகாரம் கரைத்துத் தெளியவைப்பது அவர் பொறுப்பு. முதலில் ஒரு கண்ணாடி ஜாடியில் போட்டுப் பார்ப்பார், சரியாக வந்தால்தான் தொட்டியில் ஊற்றுவார். மருந்துக்கடையில் முப்பது வருஷம் நிறுத்துக் கொடுத்த கை, அளவு பிசகாது. ஐப்பசியில் செக்கச்செவேலென்று வந்த தண்ணீரே ஒரு மணி நேரத்தில் அவருக்கு அடங்கியது. இந்தத் தை மாதத் தண்ணீர்தான் மூன்று நாளாக அவரைப் பாடாய்ப் படுத்தியது. பார்த்தால் லேசான மங்கல், அவ்வளவே. அது அடியில் இறங்குவேனா என்றது.

அம்சவேணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

“இன்னும் தெளியலையா ஐயா?”

“இல்லம்மா. படிகாரத்தைக் கூட்டியும் பார்த்துட்டேன், குறைச்சும் பார்த்துட்டேன். இத்தனைக்கும் இதுல அழுக்குன்னு பெருசா ஒண்ணுமே இல்ல.”

“அதனாலதான் தெளியல. புதுசா ஒரு ஜாடி மொண்டு வாங்க.”

மொண்டு வந்தார். குரு எழுந்துபோய், முன்பு தண்ணீர் தெளியவைத்த பழைய தொட்டியின் அடியில் கிடந்த வண்டலை விரலால் வழித்து வந்து ஜாடிக்குள் போட்டார். வேதாசலம் ஜாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“என்னம்மா இது? குடிக்கிற தண்ணியில சேத்தைப் போடுறீங்க?”

“படிகாரத்தை ஊத்திக் கலக்குங்க.”

மனசில்லாமல் வேகமாகக் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் குரு அவர் மணிக்கட்டைத் தொட்டார்.

“போதும். இனிமே மெதுவா. சேர்றதை நீங்களே உடைச்சிடாதீங்க.”

மெதுவாகக் கலக்கினார். முதலில் பொடிப்பொடியாகத் தெரிந்தது. பிறகு பால் திரிகிற மாதிரி திரிதிரியாகத் திரண்டது. ஒன்று இன்னொன்றைப் பிடித்துக்கொண்டது. கலக்குவதை நிறுத்தியதும் எல்லாம் சேர்ந்தாற்போல அடியில் இறங்கின, அந்தப் பிடிவாதக்கார மங்கலும் கூடவே இறங்கிவிட்டது. ஜாடிக்கு அந்தப் பக்கம் இருந்த குருவின் விரல் ரேகை இந்தப் பக்கம் தெரிந்தது.

வேதாசலத்துக்கு நம்பவே முடியவில்லை.

“எப்படிம்மா?”

“தூசு ரொம்பக் கம்மி. ஒண்ணுக்கொண்ணு எட்டாம தனித்தனியா மிதந்துகிட்டே இருந்துச்சு. கீழ இறங்கறதுக்கும் ஒரு துணை வேணும்ல.”

கூடத்திலிருந்து மாசிலாமணியின் குரல் கேட்டது. லாரி ஓட்டியவர். மகனை ஆறு கொண்டுபோன கதையை யாரிடமோ மறுபடியும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆசிரமத்தில் அதைக் கேட்காதவர் வேதாசலம் ஒருவர்தான். மாசிலாமணி பந்தியில் வந்து உட்கார்ந்தால் இவர் இலையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவார்.

“நான் பத்து மணி பஸ்ஸுக்குக் கிளம்பலாம்னு இருக்கேம்மா.”

“தெரியும். பை வாசல்ல உட்கார்ந்திருக்கே.” குரு சிரித்தார். ஜாடியிலிருந்து அலுங்காமல் ஒரு டம்ளர் தண்ணீர் சாய்த்து அவர் கையில் கொடுத்தார். “மாசிலாமணிக்கு இதைக் குடுத்துட்டுப் போங்க. பேசிப் பேசித் தொண்டை வறண்டிருக்கும்.”

வேதாசலம் டம்ளரோடு நின்றார்.

“அவர் மகன் கதையைத் தொடங்கிட்டா விடமாட்டாரும்மா. என் பாரத்தையே என்னால சுமக்க முடியல. அவர்கிட்ட போய் நான் என்னத்தைச் சொல்ல?”

“உங்க பொண்ணு பேரைச் சொல்லுங்க ஐயா. எனக்கே இன்னும் தெரியாது.”