செண்பகவல்லிக்கு வந்த எண்ணம்

“ஒரே ஒரு எண்ணத்தை மட்டும் மனசுலேர்ந்து பிடுங்கி எறியணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

உட்காருவதற்கு முன்பே செண்பகவல்லி இதைக் கேட்டுவிட்டாள்.

அவளுக்குக் கோவில்பட்டி. வயது முப்பத்தொன்பது. கல்யாணமாகிப் பதினாலு வருஷம் கழித்து ஒரு பெண்குழந்தை. குழந்தைக்கு இப்போது நான்கு மாதம்.

மலையடிவாரத்தில் நாலு அறையும் ஒரு கூடமுமாக அந்தத் தியான இல்லத்தை நடத்தியவள் ஆவுடைநாச்சி. வந்தவளைவிட எட்டு வயது சின்னவள்.

“என்ன எண்ணம்க்கா?”

“சொல்ல முடியாதும்மா.”

“சரி, சொல்ல வேண்டாம். என்னை நாச்சின்னே கூப்பிடுங்க. கூடத்துல போய் உட்காருங்க. மூச்சு வர்றதைப் பாருங்க, போறதைப் பாருங்க. நடுவுல எண்ணம் வந்தா, வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க. அவ்வளவுதான்.”

செண்பகவல்லி மூன்று நாள் உட்கார்ந்தாள்.

மூச்சை அவள் பார்த்ததாகத் தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, நெற்றி வேர்க்க, யாரையோ கதவுக்கு வெளியே தள்ளுகிறவளைப் போல உட்கார்ந்திருந்தாள்.

குழந்தையை, கூட வந்திருந்த கணவன் ஆறுமுகநயினார்தான் பார்த்துக்கொண்டான். புட்டிப்பால் கொடுத்தான். குளிப்பாட்டினான். தெரிந்த இரண்டு வரித் தாலாட்டையே திரும்பத் திரும்பப் பாடினான்.

செண்பகவல்லி அறை வாசல்வரை வருவாள். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வாள். எட்டி நின்று குழந்தையைப் பார்ப்பாள். போய்விடுவாள்.

நாச்சி இதைப் பார்த்தாள்.

நாலாம் நாள் காலை, செண்பகவல்லி பையோடு வந்து நின்றாள்.

“நாங்க கிளம்புறோம் நாச்சி. உட்கார உட்கார அது கூடுதே தவிர குறையலை. ஒண்ணைத் தள்ளினா ரெண்டா வருது.”

“தள்ளச் சொன்னது யாரு?”

செண்பகவல்லி பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள்.

“பஸ் பத்தரைக்குத்தான். அதுவரைக்கும் கூட உட்கார்ந்து இந்தக் கீரையை ஆஞ்சு குடுங்கக்கா.”

பின்கட்டில் ஒரு சுமை முருங்கைக்கீரை கிடந்தது. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள்.

“சும்மா ஆய வேண்டாம்,” என்றாள் நாச்சி. “மனசுல என்ன வருதோ அதை அப்படியே வாயால சொல்லிக்கிட்டே ஆயணும். நல்லது கெட்டது பார்க்கக் கூடாது. முதல்ல நான் சொல்றேன்.”

அவள் காம்பை உருவிக்கொண்டே சொன்னாள்.

“வெயில் ஏறிடுச்சு. இந்தக் கீரை முத்தல். முதுகு வலிக்குது. அக்கா சேலை நல்லாருக்கு. எனக்கு இந்த நிறம் எடுக்காது. எங்க அண்ணன் செத்துத் தொலைஞ்சா நிம்மதி. பருப்பு ஊறப் போடணும்.”

செண்பகவல்லியின் கை நின்றது.

“கூடப் பிறந்த அண்ணனா?”

“ஆமா. இந்த இல்லத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்ததே அவன்தான். முந்தாநாள்கூட வந்துட்டுப் போனான்.”

“அவரையா இப்படி...”

“வந்துச்சு, சொன்னேன். இப்போ உங்க முறை.”

செண்பகவல்லி ஒரு காம்பை உருவினாள். பிறகு மெதுவாக ஆரம்பித்தாள்.

“காக்கா கத்துது.”

“சரி.”

“பஸ்ஸுல இடம் கிடைக்குமோ என்னவோ.”

“சரி.”

“வீட்டுல கேஸை மூடிட்டுத்தான் வந்தேனா?”

“சரி. அடுத்தது?”

செண்பகவல்லி கீரைக்கொத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“பிள்ளையைத் தூக்கிக் கிணத்துல போட்டுரு.”

சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

நாச்சி எழுந்திருக்கவில்லை. வாயைப் பொத்தவில்லை. காம்பு உருவும் சத்தம்கூட நிற்கவில்லை.

“சரி. அடுத்தது?”

செண்பகவல்லி கண்ணைத் திறந்தாள்.

“நான் என்ன சொன்னேன்னு காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சுக்கா. அடுத்து என்ன வருது?”

“அடுத்து ஒண்ணும் இல்ல.”

“இருக்கும். பாருங்க.”

அவள் பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“கால் மரத்துப் போச்சு.”

“சரி.”

“தாகமா இருக்கு.”

“சரி.”

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். நாச்சி கீரையை ஒதுக்கிவிட்டு ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

“குளிப்பாட்டித் தூக்கிட்டு வந்தேன் நாச்சி. கிணத்தடியில நின்னேன். அப்போ வந்துச்சு. யாரோ காதுக்குள்ள சொன்ன மாதிரி இல்ல. நானே நினைச்ச மாதிரி. அன்னையிலேர்ந்து பிள்ளையைத் தொடலை. இருபத்தாறு நாள். டாக்டர்கிட்டயும் தூக்கம் வரலைன்னுதான் சொன்னேன்.”

“அப்படிச் செய்யணும்னு ஆசை வருதா?”

“ஐயோ! நெஞ்சே நின்னு போயிருது.”

“ஊருக்குப் போனதும் அந்த டாக்டர்கிட்ட இதை இப்படியே சொல்லுங்க. ஒளிக்காதீங்க. எத்தனையோ தாய்மாருக்கு வர்றதுதான்.”

செண்பகவல்லி தண்ணீரைக் குடித்தாள்.

“நான் செஞ்சிர மாட்டேனே?”

“அண்ணன் முந்தாநாள் வந்தப்போ நான் என்ன செஞ்சேன் தெரியுமா?”

“என்ன செஞ்சே?”

“ரசம் வச்சேன்.”

அந்த நேரத்தில் அவர்கள் தங்கியிருந்த கடைசி அறையில் குழந்தை அழுதது.

ஆறுமுகநயினார் அங்கே இல்லை. கொல்லைக் குழாயடியில் புட்டி கழுவிக்கொண்டிருந்தான். அழுகை வலுத்தது.

செண்பகவல்லி நாச்சியைப் பார்த்தாள். பிறகு அறையை நோக்கி நடந்தாள். நாச்சி எழுந்தாள். அறை வாசல்வரை அவள் பின்னாலேயே வந்து, அங்கேயே நின்றுகொண்டாள்.

செண்பகவல்லி குனிந்தாள். இரண்டு கையாலும் குழந்தையைத் தூக்கினாள்.

குழந்தை கனத்திருந்தது. இருபத்தாறு நாளில் இவ்வளவா என்று அவளுக்கு ஆச்சரியம்.

அழுகைச் சத்தம் கேட்டு ஆறுமுகநயினார் ஈரக்கையோடு ஓடிவந்தான். வந்தவன் நிலைப்படியில் அப்படியே நின்றுவிட்டான். இவள் என்னவோ நினைத்துப் பயப்படுகிறாள் என்பது மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அது என்னவென்று இன்றுவரை அவள் சொன்னதில்லை.

குழந்தை அவள் தோளில் முகத்தைத் தேய்த்து விக்கிக்கொண்டிருந்தது.

“செம்பா,” என்றான் மெதுவாக. “இப்போ அந்த எண்ணம் வரலையா?”

“வந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் இவ என் மேல மூத்திரம் போயிட்டா. மாத்துத் துணி எடுங்க.”